மிக்ஸியில் மிச்சம் பிடிக்கலாமா?

அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவர் 34 வயது ஆசிரியை. சேரன்மகாதேவியில் ஒரு தனியார் பள்ளிக்குத் தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறார். கணவருக்குத் திருநெல்வேலியில் வேலை. இரண்டு பிள்ளைகள், சர்க்கரையும் பிரஷரும் உள்ள மாமியார். இரண்டு சம்பளமும் சேர்ந்து 41,000 ரூபாய். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதை விட்டுவிட்டு, அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

எதை வாங்கினாலும் விலை குறைந்ததாகப் பார்த்து எடுப்பது இவர் வழக்கம். கணவருக்கு 'விலை கூடினதுதான் உழைக்கும்' என்ற நம்பிக்கை. போன வருஷம் ஆனித் திருவிழா சமயத்தில் திருநெல்வேலி டவுனில் போட்டிருந்த ஒரு தற்காலிகக் கடையில் 1,900 ரூபாய்க்கு மிக்ஸி வாங்கியிருக்கிறார். ஐந்தாம் மாதம் இட்லிக்கு உளுந்து அரைக்கும்போது புகைந்து நின்றுவிட்டது. பில் இல்லை, ஜீபேயில் பணம் போன பதிவு மட்டும் இருக்கிறது. அட்டைப்பெட்டியைப் பிள்ளைகளின் பழைய புத்தகம் போட்டு வைத்திருக்கிறார். அடுத்த மாதமே கணவர் 'வட்டியில்லாத் தவணை' என்று 48,000 ரூபாய்க்கு 55 இஞ்ச் டிவி எடுத்துவிட்டார். "நான் வருஷம் முழுக்க மிச்சம் பிடித்தது அந்த டிவியில் போய்விட்டது. ஆனால் நான் வாயைத் திறந்தால் புகைந்த மிக்ஸியைக் காட்டுகிறார்கள், அக்கா" என்று எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பவை: எந்தச் சாமானுக்குக் கூடக் கொடுக்கலாம்? கம்பெனிப் பெயர் இருந்தால் நம்பலாமா? மிக்ஸிக்கு இனி ஏதாவது செய்ய முடியுமா? பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் பில் கேட்டால் தப்பாக நினைப்பாரா? கூடவே வீட்டுச் சாமான் பட்டியல் ஒன்றையும் விலையோடு இணைத்திருக்கிறார். அது ரொம்ப உதவியாக இருந்தது.

உங்கள் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். நுகர்வோர் வழக்கு பார்க்கிற என்னிடம் வருவதெல்லாம் உடைந்த, எரிந்த, ஏமாற்றிய சாமான்கள்தான். அதனால் ஒரு பொருளைக் கையில் எடுத்தாலே, இது கெட்டுப்போனால் இதோடு சேர்ந்து வேறு எது போகும் என்றுதான் பார்ப்பேன். பேனா எழுதாவிட்டால் பேனா மட்டும் போகும். ஐந்து ரூபாய்ப் பேனா போதும். கேஸ் டியூப் விரிசல் விட்டால் வீடே போகலாம்.

நீங்களும் உங்கள் கணவரும் எதிரெதிராகப் பேசுவதுபோல் தெரிந்தாலும் இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறீர்கள். விலைச்சீட்டை மட்டும் பார்க்கிறீர்கள். குறைந்த விலை மிச்சம் என்று உங்களுக்கு, கூடின விலை தரம் என்று அவருக்கு. அடிமட்ட விலையிலிருந்து ஒரு படி மேலே ஏறும்போதுதான் கொடுக்கிற பணத்துக்கு அதிகப் பலன் கிடைக்கிறது. ஐ.எஸ்.ஐ. தர முத்திரை இல்லாததிலிருந்து முத்திரை உள்ளதற்கு, ஊர்பேர் தெரியாததிலிருந்து சர்வீஸ் சென்டர் உள்ளதற்குப் போவதுதான் அந்தப் படி. அதற்கு மேல் ஏற ஏற விலை கூடும், பலன் அந்த அளவுக்குக் கூடாது. நீங்கள் பல சாமானில் அந்த முதல் படியைக்கூட ஏறாமல் இருக்கிறீர்கள். அவர் டிவியில் நேராக மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

உயிரோடு சம்பந்தப்பட்டவை

பட்டியலில் என்னைப் பயமுறுத்தியது மிக்ஸி இல்லை. 'கேஸ் டியூப் 60 ரூபாய்' என்ற வரிதான். அதை இந்த வாரமே மாற்றுங்கள். கேஸ் ஏஜென்சியிலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' டியூப் கிடைக்கும். விலை சில நூறு ரூபாய்க்குள்தான். அதன் மேலேயே வருஷம் அச்சிட்டிருக்கும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆறாவது வருஷமும் ஓட்டாதீர்கள்.

அடுத்தது ஹெல்மெட். ரோட்டோரத்தில் 350 ரூபாய்க்கு எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதன் உள்துணியை விலக்கிப் பாருங்கள். தெர்மாகோல் ஒரு விரல் தடிமன்கூட இல்லாமல், அழுத்தினால் வெளி ஓடு நெளிகிறது என்றால் அது போலீஸுக்காகப் போடுகிற தொப்பி, தலைக்காக இல்லை. 2021 ஜூன் முதல் இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை ஸ்டிக்கரையே போலியாக ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து, 'பி.ஐ.எஸ். கேர்' என்ற அரசுச் செயலியில் போட்டுப் பாருங்கள். எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டிவிடும். ஆயிரத்துச் சொச்சத்தில் நல்ல ஹெல்மெட் கிடைக்கும். நாலாயிரம், ஐயாயிரம் என்று போகும்போது கூடுவதில் பெரும்பங்கு பெயிண்டும் காற்றோட்ட வசதியும்.

பிரஷர் குக்கருக்கும் 2021 பிப்ரவரியிலிருந்து இதே விதி உண்டு. குக்கர் நல்லதாக இருந்து, சேப்டி வால்வையும் காஸ்கெட்டையும் மட்டும் பத்து ரூபாய் மிச்சத்துக்காக வேறு ஏதோ ஒன்றாக மாற்றுவது பல வீடுகளில் நடக்கிறது. அந்தக் கம்பெனி உதிரியையே போடுங்கள். ஃபிரிட்ஜும் கிரைண்டரும் இழுக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மாமியாரின் செருப்பையும் இந்தத் தலைப்பில்தான் சேர்ப்பேன். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கடினமான ரப்பர் செருப்பு உரசிப் புண்ணானாலும் சீக்கிரம் தெரியாது. எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் மென்மையான அடிப்பாகத்தோடு தருவார்கள். உங்கள் செருப்புக்கு வெறும் கணக்கு போதும். 180 ரூபாய்ச் செருப்பு நான்கு மாதத்தில் அறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், வருஷத்துக்கு 540 ஆகிறது. 650 ரூபாய்ச் செருப்பு இரண்டு வருஷம் வந்தால் பாதிக்கும் கொஞ்சம் மேலேதான் செலவு. அதே 650-ஐ ஒவ்வொரு வருஷமும் கால் வளர்கிற மூன்றாம் வகுப்புப் பையனுக்குப் போட்டால் வீண்.

மீட்டரில் ஓடுகிறவை

ஃபேன் வாங்கப் போவதாகவும், மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 'சும்மா விலை கூட' என்று தோன்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது எந்த அறையில் மாட்டப் போகிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண ஃபேன் 75 வாட் சுமாருக்கு இழுக்கும், பி.எல்.டி.சி. 30 வாட் சுமாருக்கு. மாமியார் படுக்கிற ஹாலில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தால்கூட ஒரு பில்லுக்கு 215 ரூபாய். கூடக் கொடுக்கிற ஆயிரத்து முந்நூறு ரூபாய் ஒரு வருஷம் சொச்சத்தில் திரும்பிவிடும். வெயில் காலத்தில் உங்கள் வீட்டு ரீடிங் 500 யூனிட்டை ஒட்டி வருகிறது என்று வேறு சொல்கிறீர்கள். இப்போதைய கட்டண முறையில் 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள சில யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் கூடும். ஆக, ஹாலுக்கு பி.எல்.டி.சி. வாங்குங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடுகிற மாடி அறைக்குச் சாதாரண ஃபேன் போதும்.

வயிற்றுக்குப் போகிறவை

நல்லெண்ணெய் லிட்டர் 160 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஏன் 400 கொடுக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் எடுக்க இரண்டேகால் கிலோவுக்குக் குறையாமல் எள் வேண்டும். பக்கத்துச் செக்கில் எள் என்ன விலை என்று விசாரித்துப் பெருக்கிப் பாருங்கள். எள் விலைக்கே கட்டுப்படியாகாத எண்ணெய் எப்படி நல்லெண்ணெயாக இருக்கும்? பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். 'கலப்பு எண்ணெய்' என்றோ 'விளக்கேற்ற மட்டும்' என்றோ சின்ன எழுத்தில் இருக்கும். விளக்கு எண்ணெயைத் தாளிக்க எடுத்துக்கொண்டு போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். கருப்பட்டிக்கும் இதே கணக்குதான். உடன்குடிக் கருப்பட்டி என்று சொல்லி விற்பதில் சீனி கலந்தது நிறைய. தெரிந்த இடமாக இருந்தால் கூடக் கொடுத்து வாங்குங்கள், இல்லாவிட்டால் கருப்பட்டி விலைக்குச் சீனி வாங்க வேண்டாம்.

அரிசியில் நீங்கள் சரியாகத்தான் செய்கிறீர்கள். இட்லிக்கு ரேஷன் அரிசியும் அம்பை 16-ம் கலந்து போடுவதை மாற்ற எந்தக் காரணமும் இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: 25 கிலோ வரை பாக்கெட் போட்ட அரிசிக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு 26 கிலோ மூட்டைகள் புழக்கத்துக்கு வந்தன. இரண்டு மூட்டையை ஒப்பிடும்போது கிலோவுக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

மாமியாரின் மாத்திரையில்தான் உங்கள் வீட்டில் பணம் வீணாகிறது. மாதம் 1,600 ரூபாய், 'மருந்தில் மட்டும் மலிவு பார்க்கக் கூடாது' என்கிறார் உங்கள் கணவர். அவர் அக்கறை புரிகிறது. ஆனால் மருந்தின் மூலப்பெயரும் அளவும் ஒன்றாக இருந்தால் விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி கம்பெனிப் பெயருக்குப் போவதுதான். மத்திய அரசின் மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் மாநில அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகமும் இதற்காகவே இருக்கின்றன. பிரஷர், சர்க்கரைக்கான அடிப்படை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நான் வக்கீல், டாக்டர் இல்லை. அதனால் சீட்டைக் கொண்டுபோய் 'இதே மருந்து ஜெனரிக்கில் எடுக்கலாமா' என்று மாமியாரைப் பார்க்கிற டாக்டரிடமே கேட்டுவிட்டு மாற்றுங்கள். தைராய்டு, வலிப்பு மாதிரி சில மருந்துகளில் கேட்காமல் மாற்றவே கூடாது.

பெயருக்குக் கொடுக்கிற பணம்

உப்பு, பினாயில், நோட்டுப் புத்தகம், தீப்பெட்டி, துடைப்பம் எல்லாவற்றிலும் தாராளமாக மிச்சம் பிடியுங்கள். சோப்பில் விளம்பரத்தைப் பார்க்காமல் உறையில் டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புச் சத்து) என்று போட்டிருக்கும் சதவீதத்தைப் பாருங்கள். 76-க்கு மேல் இருந்தால் முதல் கிரேடு. விலை குறைந்த சோப்பிலும் அது இருக்கும். இப்போது பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலை என்றும் அச்சிடுகிறார்கள். பெரிய பாக்கெட் என்றால் லாபம் என்ற நம்பிக்கை அங்கே அடிக்கடி உடையும். சில ஷாம்பூவில் பாட்டிலைவிடத் தோரணமாகத் தொங்குகிற சின்னப் பாக்கெட்தான் மலிவு.

பாய் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பத்தமடை உங்களுக்குக் கூப்பிடு தூரம். மாமியாருக்குக் கோரைப்பாயே வாங்குங்கள், பிளாஸ்டிக் பாய் வியர்வையில் ஒட்டும். ஆயிரக்கணக்கில் விலை சொல்கிற பட்டுப்பாய் கல்யாணச் சீருக்கு. படுக்கச் சாதாரணக் கோரை போதும்.

அந்த டிவி

ரொக்கமாகக் கொடுத்தால் 3,000 குறைப்பதாகக் கடையில் சொன்னார்கள், தவணைக்குப் போனபோது பிராசஸிங் கட்டணம் 1,200 பிடித்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த 4,200-தான் வட்டி, பெயர்தான் வேறு. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 2024 அக்டோபர் முதல் இப்படிப்பட்ட கடன்களுக்கு எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து உண்மையான வருட வட்டி எவ்வளவு என்று காட்டும் விவரத் தாளைக் கொடுத்தாக வேண்டும். உங்கள் கணவரிடம் அந்தத் தாள் இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இதை வைத்து அவரிடம் சண்டை போடச் சொல்லவில்லை. டிவி வந்தாயிற்று, பிள்ளைகளும் பார்க்கிறார்கள். அடுத்து ஃபிரிட்ஜ் மாற்ற வேண்டும் என்ற பேச்சு வருகிறதே, அதற்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து அந்தத் தாளைப் படித்தால் போதும்.

மிக்ஸிக்கு என்ன செய்யலாம்

பில் இல்லை, அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துவிட்டீர்கள். அப்படி இல்லை. ஜீபே பதிவு நீங்கள் பணம் கொடுத்ததற்குச் சான்று. பில் தராமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று போர்டு மாட்டியிருந்தாலும் குறையுள்ள பொருளை அந்த போர்டு காப்பாற்றாது. பழுது வெளிப்பட்டதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், உங்களுக்கு நாள் இருக்கிறது.

அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, நுகர்வோர் தொடர்பு எண் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். தற்காலிகக் கடைக்காரர் எங்கேயோ போயிருப்பார், தயாரிப்பாளர் எங்கும் போக முடியாது. எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, பணத்தைத் திருப்பித் தரவோ மாற்றித் தரவோ 15 நாள் கெடு வைத்து அந்த முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். நிறையப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கும் மசியாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, வீட்டிலிருந்தே ஆன்லைனில் தாக்கல் செய்யலாம்.

ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தினமும் உளுந்து அரைத்ததால்தான் மோட்டார் போனது, அது கையேட்டுக்கு விரோதம் என்று அவர்கள் வாதாடுவார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். சட்னி அரைக்கிற மிக்ஸியில் கெட்டி மாவைத் தொடர்ந்து ஆட்டினால் மோட்டார் சூடேறத்தான் செய்யும். அப்புறம், பெட்டியில் உருப்படியான முகவரியே இல்லையென்றால் 1,900 ரூபாய்க்காகப் பள்ளிக்கு லீவு போட்டு அலைவது உங்களுக்கு நட்டம். கடிதம், 1915 இரண்டையும் கட்டாயம் செய்யுங்கள். அதற்கு மேல் போவது உங்கள் விருப்பம்.

புது மிக்ஸி வாங்கும் முன் ஒன்று கேட்கிறேன். மாமியாருக்கு அரசு கொடுத்த இலவச கிரைண்டர் பரணில் கிடக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை இறக்கிப் பார்த்தீர்களா? பெரும்பாலும் பெல்ட்தான் போயிருக்கும், சில நூறு ரூபாயில் ஓடிவிடும். மாவு அதில் ஆட்டிவிட்டால், சட்னிக்கும் மசாலாவுக்கும் திருநெல்வேலியில் சர்வீஸ் சென்டர் உள்ள நடுத்தர விலை மிக்ஸி போதும். எட்டாயிரத்துக்குப் போகத் தேவையே இல்லை. எக்ஸ்ட்ரா வாரண்டி என்று தனியாக விற்பார்கள், அதையும் விட்டுவிடுங்கள்.

அண்ணாச்சியிடம் பில்

பதினைந்து வருஷமாகப் பற்று நோட்டில் எழுதிச் சாமான் தருகிற அண்ணாச்சியிடம் அரைக் கிலோ துவரம்பருப்புக்கு பில் கேட்டால் அவருக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். கேட்கவும் வேண்டாம். பருப்பில் வண்டு இருந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக அவரிடம் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட என்றாலும் நான் கொடுப்பேன். ஆனால் குக்கர், இஸ்திரிப் பெட்டி, டார்ச் லைட் மாதிரி வாரண்டி உள்ள எதையும் அவரிடம் வாங்கினாலும் பில் கேளுங்கள். 'கம்பெனிக்காரன் கேப்பான் அண்ணாச்சி' என்று சொன்னால் அவரே எழுதித் தருவார். வாரண்டி கார்டில் தேதியும் கடை முத்திரையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். முன்பின் தெரியாத கடையில், திருவிழாக் கடையில், பில் இல்லை என்றால் சாமானும் வேண்டாம். பெரிய கடைகளில் வழுவழுப்பான தாளில் அடித்துத் தருகிற பில் சில மாதத்தில் எழுத்தே தெரியாமல் மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து, உங்கள் கணவருக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.